பழைய படம் சொல்லும் சாட்சி

தொண்டை நாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் திருவோத்தூர் ஒன்று. இன்று செய்யாறு என்றும் திருவத்திபுரம் என்றும் வழங்கும் நகரில், சேயாற்றின் வடகரையில் வேதபுரீஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். ஓத்து என்றால் வேதம். தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் இறைவன் வேதத்தின் பொருளை ஓதுவித்த இடம் ஆதலால் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்கிறது தலபுராணம். ஞானசம்பந்தப் பெருமான் ஆண் பனைகளைக் காய்க்கச் செய்ததும் இத்தலத்தில்தான். வேதம் எழுதாக் கிளவி. ஒருவர் வாயால் சொல்ல, மற்றொருவர் செவியால் வாங்கி, நெஞ்சில் இருத்தித் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். நினைவு என்றாலே செவிவழி நினைவு என்றிருந்த காலம் அது.

அதே ஊரின் பழைய வீடுகளுக்குள் நுழைந்தால், நினைவு சுவரில் தொங்குகிறது. கூடத்தில் மரச்சட்டமிட்ட படங்கள். தென்புறச் சுவரில் மறைந்த பெரியவர்கள், கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும். மற்றொரு சுவரில் சஷ்டியப்தபூர்த்திப் படமோ, மணக்கோலப் படமோ இருக்கும். செய்யாறும் ஆரணியும் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற வட்டாரம். எனவே கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் இந்தப் பகுதிப் பாட்டிமார்கள் முதலில் பேசுவது முகங்களைப் பற்றி இருக்காது. "அது அரக்குப் பட்டு, மாம்பழ மஞ்சள் கரை" என்றுதான் தொடங்குவார்கள். படத்தில் அரக்கும் இல்லை, மஞ்சளும் இல்லை. சாம்பல் நிறமும் அதைவிடச் சற்று வெளிறிய சாம்பல் நிறமும் மட்டுமே உள்ளன. நிறத்தைக் கொடுப்பது பார்க்கிறவரின் மனம். தறியில் அமர்ந்து பழகியவர் என்றால் கரையின் கோர்வையைப் பார்த்தே எப்படி நெய்த புடவை என்றுகூடச் சொல்லிவிடுவார். பட்டிலிருந்து பந்தலுக்கும், பந்தலிலிருந்து சமையலுக்கும், அன்று கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போன சம்பந்திக்கும் பேச்சு நகரும்.

படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் முன்னோர் பலர் அஞ்சியதுண்டு. அந்த அச்சத்தையும் மீறித்தான் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை ஸ்டுடியோக்கள் பரவின. தூணும் திரைச்சீலையும் வரைந்த பின்னணி, ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி, "அசையாதீர்கள்" என்ற ஒற்றைக் கட்டளை. அந்நாளைய படங்களில் யாரும் சிரிப்பதில்லை. நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது ஒரு காரணம். வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ நிகழும் காரியம் என்ற பயபக்தியும் சேர்ந்துகொண்டது. 1880 முதல் 1980 வரையிலான இத்தகைய தமிழக ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் மேற்கொண்டது. பல ஸ்டுடியோக்களில் கண்ணாடித் தகடுகள் பழைய சாமான்களோடு போய்விட்டன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி வீடுகளில்தான் உள்ளது.

முதியவர்களுக்கு நேற்று நடந்தது மறந்து, ஐம்பது ஆண்டுக்கு முன் நடந்தது துல்லியமாக நினைவிருப்பதைப் பலரும் கேலி செய்வதுண்டு. அது கேலிக்குரியதன்று. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சிகளே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்பதை உளவியலார் பல நாடுகளிலும் கண்டிருக்கின்றனர். அந்தக் காலத்துப் படம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், உடன் வந்தவர், அன்று வீசிய காற்று, தேர் நின்ற இடம் எல்லாம் திரும்பி வருகின்றன.

ஆயினும் மனத்தின் இந்தக் கொடையில் ஒரு சிக்கல் உண்டு. படம் நினைவை எழுப்புவது போலவே, இல்லாத நினைவை உண்டாக்கவும் வல்லது. நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. 20 பேருக்கு அவர்களுடைய குழந்தைப் பருவப் படங்களைக் காட்டினார்கள். அவற்றுள் ஒன்று மட்டும் போலி. வெப்பக் காற்றுப் பலூனில் குழந்தையாக அவர்கள் பறப்பது போல் ஒட்டிச் சேர்த்த படம் அது. சில நாட்கள் இடைவெளியில் மூன்று முறை கேட்டபின், அவர்களில் 10 பேர் நடக்கவே நடக்காத அந்தப் பயணத்தை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தனர். நினைவைப் படம் கொண்டு சரிபார்க்க வேண்டும். படத்தையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும் போலும். இந்தச் செய்தி வீட்டுப் படங்களோடு நின்றுவிடுவதாயின் பெரிய விஷயமில்லை. கோயிலுக்குள் வரும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

ஒரு பக்தர் தம் ஊர்ப் பெருமானை அறுபது ஆண்டுகளாகச் சேவித்து வருகிறார் என்று கொள்வோம். கண்ணை மூடினால் உற்சவர் தெரிகிறார். எப்படித் தெரிகிறார்? பட்டு சாத்தி, மாலை சூடி, கவசமும் பதக்கமும் அணிந்து, தீபாராதனை ஒளியில் தெரிகிறார். அந்தப் பட்டுக்கும் மாலைக்கும் அடியில் உள்ள செப்புத் திருமேனியின் தோள் எப்படி, இடை எப்படி, பீடத்தின் இதழ்கள் எத்தனை என்று கேட்டால் அவரால் சொல்ல இயலாது. அபிஷேக காலத்தில் பார்த்திருப்பார். ஆனால் அப்போது கண் கலங்கியிருக்கும், கை கூப்பியிருக்கும். அங்க அடையாளம் பார்க்கும் நேரமா அது? திருமேனியை உள்ளபடி அறிந்தவர் அர்ச்சகர் மட்டுமே. அவருக்குப் பின் வேறொரு அர்ச்சகர் வந்தால் அந்த அறிவும் அறுந்துபோகலாம்.

இந்த இடத்தில்தான் மேலே சொன்ன புதுச்சேரி நிறுவனத்தின் வேறொரு பணி வந்து நிற்கிறது. 1955 இல் ழான் ஃபிலியோசா என்ற வடமொழி அறிஞரால் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், மறு ஆண்டிலிருந்தே தென்னாட்டுக் கோயில்களைப் படம் எடுக்கத் தொடங்கியது. பெரிய கோயில், சிறிய கோயில், பூசை நின்றுபோன கோயில் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. கோட்டத்துச் சிற்பம், தூண், கோபுரம், செப்புத் திருமேனி எல்லாவற்றையும் எடுத்தார்கள். அலங்காரம் இல்லாமல் எடுக்கப்பட்ட திருமேனிப் படங்கள் அவற்றுள் ஏராளம். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. சிற்ப அமைதியையும் ஆகமத்தையும் ஒப்பிட்டு ஆராய்வதே அன்றைய நோக்கம். களவைக் கண்டுபிடிப்பதற்கு இவை உதவும் என்று 1956 இல் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கும்பகோணத்துக்கு அருகில் சுந்தரப்பெருமாள்கோவில் என்ற ஊர் உள்ளது. அங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்று இருந்தது. ஏறக்குறைய இரண்டடி உயரம், பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1957 இல் நிறுவனத்தார் அதைப் படம் எடுத்தனர். பத்தே ஆண்டுகளில், 1967 இல், லண்டனில் சோத்பீஸ் ஏலத்தில் திருமங்கையாழ்வார் ஒருவர் விலைக்கு வந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் அவரை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. இங்கே ஊரில் யாரும் பதறவில்லை, யாரும் தேடவில்லை. ஏனெனில் கோயிலில் ஆழ்வார் இருந்தார். அவருக்குத் திருமஞ்சனம் நடந்தது, பட்டு சாத்தப்பட்டது, பிரபந்தம் சேவிக்கப்பட்டது. அவர் போலி என்பது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாருக்கும் தெரியாது.

2019 நவம்பரில் ஆய்வாளர் ஒருவர் 1957 ஆம் ஆண்டுப் படத்தையும் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த திருமேனியையும் ஒப்பிட்டு அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தார். அருங்காட்சியகம் தானாகவே முன்வந்து இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. அது பாராட்டத் தக்கது. எல்லா அருங்காட்சியகங்களும் அப்படி நடந்துகொண்டதில்லை. பின்னர்த் தமிழக சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு விசாரணை நடத்தி, கோயிலில் இருப்பது மாற்றி வைக்கப்பட்ட உருவம் என்று உறுதி செய்தது. 2024 மார்ச்சில் திருமேனியைத் திருப்பித் தர பல்கலைக்கழக மன்றம் இசைந்தது.

திருமங்கை மன்னன் அடியார்க்கு அமுது படைக்க வழிப்பறி செய்தவர் என்பது வைணவர் அனைவரும் அறிந்த வரலாறு. அவரையே களவாடிக் கடல் கடத்தியவர்கள் அந்த வரலாற்றை அறிந்திருந்தார்களோ இல்லையோ! அந்த ஐம்பது ஆண்டுகளில் போலித் திருமேனியின் முன் நின்று உருகியவர்களின் வழிபாடு என்ன ஆயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். வழிபட்டவரிடம் குறையில்லை, அந்தக் கணக்கு ஆழ்வாருக்கும் பெருமாளுக்கும் தெரிந்த கணக்கு. குறை, அடையாளம் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லாமல் போனதில்தான் இருக்கிறது. பக்தரின் மனம், எதிரில் நின்ற உருவத்தைப் பழைய ஆழ்வாராகவே நினைவுகூர்ந்தது. பலூனில் பறந்ததாக நம்பிய 10 பேரின் மனமும் அவ்வாறே நடந்தது. 1957 இல் பதிந்த வெள்ளி உப்பு மட்டும் மாறாமல் இருந்தது.

தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள அனந்தமங்கலத்தின் கதை வேறு விதம். அங்கே ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் இருந்த ராமர், சீதை, லட்சுமணர் திருமேனிகள் 1978 இல் களவு போயின. ஊருக்குத் தெரிந்தே நடந்த இழப்பு. விஜயநகரக் காலத்து வார்ப்பு அவை. போனது தெரியும், எங்கே போனது என்பது தெரியாது. இங்கிலாந்தில் ஒருவரிடம் இருந்த மூன்று திருமேனிகளை, 1958 ஜூனில் அக்கோயிலில் எடுத்த படங்களோடு இந்தியா பிரைட் ப்ராஜெக்ட் என்ற தன்னார்வக் குழுவினர் ஒப்பிட்டு அடையாளம் கண்டனர். சிங்கப்பூரில் வாழும் விஜய்குமார் போன்ற தமிழர்கள் தங்கள் சொந்த உழைப்பில் இந்தப் பணியைச் செய்து வருகின்றனர். படத்தைக் கண்ட பின், வைத்திருந்தவர் வழக்காடாமல் ஒப்படைத்தார். 2020 செப்டம்பர் 15 அன்று லண்டன் இந்தியத் தூதரகத்தில் திருமேனிகள் கையளிக்கப்பட்டன. அங்கிருந்து தாயகம் திரும்பி, ஊருக்கும் வந்து சேர்ந்தன.

இடையே 42 ஆண்டுகள். 1978 இல் பள்ளிச் சிறுவனாக அந்தச் சந்நிதியில் கைகட்டி நின்றவருக்குத் திரும்பி வந்த நாளில் ஐம்பது வயது கடந்திருக்கும். அன்று அறுபது வயதில் சேவித்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்த மீட்சியைக் காண இருந்திருக்க மாட்டார்கள். ராமனின் வனவாசம் 14 ஆண்டு. இது அதைப்போல் மும்மடங்கு.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரைப் பற்றி நாளிதழ்கள் நிறைய எழுதிவிட்டன. பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006 இல் திருடு போனதும், 2008 இல் அதிகாரிகள் திறந்து பார்த்தபோதுதான் அது தெரிய வந்ததும், அதே ஆண்டில் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து அவரை வாங்கியதும் பலரும் அறிந்தவை. 1994 இல் நிறுவனத்தார் எடுத்திருந்த படம் அந்த வழக்கில் முக்கியச் சான்றாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் புதுதில்லிக்கு வந்தபோது நடராஜரும் உடன் வந்தார். விருத்தாசலம் கோயில் கோட்டத்திலிருந்து போன கல் அர்த்தநாரீஸ்வரரும் வந்தார்.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆசியக் கலை அருங்காட்சியகம் 2026 ஜனவரியில் மூன்று திருமேனிகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. வீரசோழபுரத்தில் 1956 இலும், திருத்துறைப்பூண்டியில் 1957 இலும், ஆலத்தூரில் 1959 இலும் எடுத்த படங்கள் அவற்றின் பூர்வீகத்தைக் காட்டிக்கொடுத்தன. வீரசோழபுரத்திலிருந்து போனவர்கள் சுந்தரரும் பரவையாரும், ஆலத்தூரிலிருந்து சோமாஸ்கந்தர். திருத்துறைப்பூண்டி நடராஜர் மட்டும் உரிமை இந்தியாவுக்கு மாறினாலும் நீண்டகாலக் கடனாக அங்கேயே காட்சியில் இருப்பார் என்கிறார்கள். ஆடவல்லானுக்குத் திருவாதிரை அபிஷேகம் இல்லாத கண்ணாடிப் பெட்டி எதற்கு என்று பக்தர் மனம் கேட்கத்தான் செய்யும்.

ஒரு பழைய படம் எவ்வாறு சாட்சியாகிறது? செப்புத் திருமேனியை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் மண் பூசிக் கருக்கட்டி, சூடேற்றி மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். குளிர்ந்ததும் மண்ணை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்க முடியும். அச்சு அத்துடன் அழிகிறது. ஆகவே ஒரே ஸ்தபதி, ஒரே அளவில், ஒரே நாளில் வார்த்தாலும் இரண்டு திருமேனிகள் முற்றிலும் ஒன்றாகா. திருவாசியின் சுடர்களில் ஒன்று முறிந்திருக்கும். ஒரு விரல் சற்றே வளைந்திருக்கும். பீடத்தின் மூலையில் வார்ப்புக் குழி இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் நடந்து மூக்கும் இதழும் தேய்ந்த விதம் ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும். தெய்வத் திருமேனிக்கு இவை குறைகளல்ல, அங்க அடையாளங்கள். ஒப்பிடுகிறவர்கள் திருமுகத்தின் அழகைப் பார்ப்பதில்லை. முறிந்த சுடரையும் பீடத்துக் குழியையும்தான் பார்க்கிறார்கள்.

படக்கருவியால் கோயிலைப் பதிவது நம் நாட்டில் புதிதுமன்று. சென்னை அரசாங்கத்தின் படப்பதிவாளராயிருந்த லினேயஸ் டிரைப் 1858 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை நடந்து நடந்து எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சேர்த்து ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள சுருளாக ஆக்கினார். கல்லிலே எழுதியதற்கும் ஒரு நகல் வேண்டும் என்று அன்றே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் எந்த நிறுவனமும் எல்லாக் கோயிலுக்கும் போயிருக்க முடியாது. தொண்டை நாட்டில் மட்டும் ஒருகாலப் பூசையோடு நிற்கும் சிவாலயங்களும் பெருமாள் கோயில்களும் எத்தனை! அங்கெல்லாம் உற்சவரின் பழைய தோற்றத்துக்குச் சான்று எங்கே இருக்கும்? பக்தர்களின் வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில், கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கக்கூடும். மூலவரைப் படம் எடுப்பது மரபன்று, எடுக்கவும் கூடாது. கோயிலுக்குள் கைபேசி கொண்டு செல்வதையே 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை செய்யுமாறு உத்தரவிட்டது. சந்நிதியின் அமைதி கருதினால் அது சரியானதே. ஆனால் முன்னாளில் வீதியுலாவின்போதும், கும்பாபிஷேகத்தின்போதும், உபயதாரர் குடும்பத்தோடு வாகனத்தின் முன் நின்றும் எடுத்த படங்கள் பல வீடுகளில் உள்ளன. தாத்தாவின் தோளுக்குப் பின்னால், கூட்டத்துக்கு நடுவே, ரிஷப வாகனத்தின் மேல் சுவாமி சிறியதாகத் தெரிவார். குடும்பத்தார் இத்தனை நாளும் தாத்தாவைத்தான் பார்த்திருப்பார்கள். மாலைக்குக் கீழே பீடத்தின் ஒரு விளிம்பாவது, திருவாசியின் நான்கு சுடராவது அதில் பதிவாகியிருக்கலாம்.

அத்தகைய படங்களைக் காப்பதில் சில எளிய செய்திகள் உண்டு. சட்டத்துக்குள் இருக்கும் பழைய படம் ஈரத்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்த்தெடுக்கக் கூடாது. படத்தின் மேற்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுத்துக்கொள்வது நலம். சமையலறைப் புகையும் பூசையறை எண்ணெய்ப் பிசுக்கும் படத்துக்கு ஆகா. பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டுவதும் ஆகாது. நகல் எடுத்தபின் ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்தில் கொடுத்து வைக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது படத்தின் பின்புறம். பெரும்பாலான வீடுகளில் அது வெறுமையாக இருக்கிறது. படத்தில் நிற்பவர் யார், எந்த ஆண்டு, எந்த உற்சவம் என்பதைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். அவருக்கு எண்பது வயது ஆகியிருக்கும். அவர் பட்டின் நிறம் சொல்லும்போதும், சம்பந்தி கோபித்துக்கொண்ட கதையைச் சொல்லும்போதும், பேரப்பிள்ளைகளில் ஒருவர் மென்மையான பென்சிலால் படத்தின் பின்னால் மெல்ல எழுதிக்கொள்ளலாம். பேனா மை முன்புறத்துக்கு ஊறிவிடும் என்பதால் அது வேண்டாம். ஊர், கோயில், ஆண்டு, எத்தனையாம் நாள் உற்சவம், எந்த வாகனம், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர்கள், அன்று அலங்காரம் செய்த அர்ச்சகரின் பெயர்.